ரதீபாவிடம் யார் சொல்வது

தௌலத்துக்கு முகங்கள் நினைவில் நிற்பதில்லை. குரல்கள் நிற்கும். அலெக்ஸாந்திரியாவின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் தலையில் வளையமும் காதில் கறுப்புக் குமிழுமாக உட்கார்ந்தே நரைத்தவள். கடைத்தெருவில் யாராவது கையைப் பிடித்து நலம் விசாரித்தால் விழிப்பாள். அவர்கள் இரண்டாவது வாக்கியத்துக்கு வந்ததும், "அட, நீயா" என்பாள். இறந்துபோன கணவனின் முகத்தைக்கூட போட்டோவைப் பார்த்துத்தான் சரிசெய்துகொள்ள வேண்டியிருந்தது. அவன் இருமல் மட்டும் எப்போது வேண்டுமானாலும் கேட்கும்.

இப்ராஹிமிய்யாவில் டிராம் பாதைக்குப் பின்தெருவில் அவள் குடியிருந்த கட்டடம் கடல்காற்றில் உப்புப் பூத்து நின்றது. அவளுக்கு மூன்றாவது மாடி. கட்டடத்தின் நடுவே, அடியிலிருந்து மொட்டைமாடிவரை, கிணறுபோல ஓர் இடுக்கு உண்டு. மன்வர் என்பார்கள். எல்லா வீட்டு அடுக்களை ஜன்னலும் அதற்குள்தான் திறக்கும். வெளிச்சம் கொஞ்சம் வரும். அடுத்த வீட்டு வெங்காயமும் சண்டையும் நிறைய வரும். ஜன்னலில் நின்றால் எதிர்ச்சுவரின் குழாய்கள் தெரியும். மேலே நிற்பவளும் கீழே நிற்பவளும் தெரியமாட்டார்கள். தௌலத்துக்கு அதில் குறையொன்றும் இல்லை.

மேலே நான்காவது மாடியில் இன்ஷிராஹ். சுங்க இலாகாவில் ஓய்வுபெற்ற கணவர் ஃபஹ்மி கூடத்து நாற்காலியில் பகல் முழுக்கத் தூங்குவார். கீழே இரண்டாவது மாடியில் ரதீபா. கணவனும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஒரு பிள்ளை பிறந்து, பால் குடிக்கத் தெரிந்துகொண்ட பிறகு போய்விட்டது. அதே மாதத்தில் தௌலத்துக்கு ஷவ்கி பிறந்தான். தௌலத் காய்ச்சலில் கிடந்தாள், பால் வற்றிவிட்டது. ரதீபா மாடியேறி வந்து, ஒரு வார்த்தை பேசாமல், குழந்தையை எடுத்து மார்பில் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து ஷவ்கிக்கு இரண்டு தாய். பேச ஆரம்பித்ததும் அவளை "ரதீபாம்மா" என்றுதான் கூப்பிட்டான்.

மூவருக்கும் துப்பறியும் நாவல் பைத்தியம். நபி தானியேல் தெரு நடைபாதையில் பழைய புத்தகமாக வாங்குவார்கள், அட்டை கிழிந்தது, எண்ணெய் பட்டது, எதுவானாலும். ஒரு புத்தகம், மூன்று பேர். ஆகவே லுஹர் என்னும் மதியத் தொழுகைக்குப் பிறகு ஒருத்தி ஜன்னலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து உரக்கப் படிப்பாள். மற்ற இருவர் அவரவர் அடுப்பில் நின்று கேட்பார்கள். அத்தியாயம் முடிந்ததும் வாசிப்பு நிற்கும். மேலிருந்து ஒரு கருத்து, நடுவிலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று. பிறகு கூடையில் கயிறு கட்டிப் புத்தகத்தை அடுத்தவளுக்கு இறக்குவார்கள், அல்லது அவள் இழுத்துக்கொள்வாள்.

ஒரு கதையில் பருத்தி வியாபாரி ஒருவன் குளியலறையில் செத்துக் கிடந்தான். கதவு உள்பக்கம் தாழ்.

"புருஷன்தான்" என்றாள் இன்ஷிராஹ்.

"செத்ததே புருஷன்டி" என்றாள் தௌலத்.

"அப்போ கொழுந்தியா புருஷன். எவளோ ஒருத்தியோட புருஷன், அவ்வளவுதான். நீ படி."

"உனக்கு உன் வீட்டுக்காரர் மேலதான் சந்தேகம். பாவம் மனுஷன், அங்க தூங்கிட்டிருக்காரு."

"ஃபஹ்மியா? என்னைக் கொல்லணும்னா நாற்காலியிலேர்ந்து எழுந்திரிக்கணுமே."

கீழிருந்து ரதீபா சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "ரெண்டு பேரும் சும்மா இருங்க. அந்த குமாஸ்தாதான். மேசைக்கு மீன் வந்தப்போ அவன் தொடவே இல்ல. கொன்னவனுக்குச் சோறு இறங்காது."

"அவனுக்கு மீன் புடிக்காம இருக்கும்."

"அலெக்ஸாந்திரியாக்காரனுக்கு மீன் புடிக்கலன்னா அதுக்கே அவனைப் புடிச்சு உள்ள போடலாம்."

இப்படித்தான் போகும். யார் கொன்றது என்பதிலிருந்து கேஸ் சிலிண்டர்காரன் இன்று வந்தானா என்பதற்கு, அங்கிருந்து ஐந்தாவது மாடிக்காரியின் மகள் ஏன் கல்யாணம் வேண்டாம் என்கிறாள் என்பதற்கு, மறுபடியும் கொலைக்கு. தௌலத் பேசுகிற விதத்தை வைத்துக் கண்டுபிடிப்பாள். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவன் யாரோ அவன்தான் கொலைகாரன். ரதீபா சாப்பாட்டை வைத்துக் கண்டுபிடிப்பாள். அவள் கணிப்பு தவறிப்போனால் கோபித்துக்கொண்டு அன்று முழுக்கப் பேசமாட்டாள். அந்த மௌனம் மற்ற இருவருக்கும் பெரிய விருந்து.

அவள் இறந்த அன்று தௌலத்தின் முறை. ஒரு மலைவிடுதியில் கிழவி ஒருத்திக்கு விஷம் வைத்துவிட்டார்கள். ரதீபா அதுவரை பேத்தியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அத்தியாயத்தில் பேத்தி அன்றிரவு ரயிலில் இருந்தாள் என்று தெரிந்துவிட்டது. அதே நேரம் கீழே முலூகிய்யாக் கீரை வெந்துகொண்டிருந்தது. தாளித்த பூண்டைக் கீரையில் கொட்டுகிற நொடியில் சமைப்பவள் மூச்சை ஒருமுறை வெடுக்கென்று உள்ளே இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் முலூகிய்யா ருசிக்காது. எல்லா வீட்டிலும் அப்படித்தான். கீழிருந்து அந்த மூச்சு கேட்டது.

"பூண்டு இறங்கிடுச்சு" என்றாள் இன்ஷிராஹ். "ரதீபா, இன்னிக்கு எனக்கு ஒரு கிண்ணம்."

பதில் இல்லை.

"பேத்தி ரயில்ல போயிட்டால்ல, அதான். வாயடைச்சுப் போச்சு."

"கூப்பிடாதே. கோவத்துல இருக்கா" என்று தௌலத் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். நல்ல அத்தியாயம். நிறுத்த மனம் வரவில்லை. இடையிடையே இருவரும் கீழ் நோக்கி இரண்டொரு கிண்டலை வீசினார்கள். அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில்தான் பூண்டு தீய்கிற வாடை மேலே வந்தது. கீரையில் கொட்டப்படாத பூண்டு.

கதவை உடைத்துத்தான் திறக்க வேண்டியிருந்தது. அடுப்பின் முன்னால் கரண்டியைப் பிடித்தபடி கிடந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் முன்பே போயிருந்தது. அங்கே டாக்டர் அவள் முகத்தைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

அவளுடைய அண்ணன் மகன் ஒருவன் தன்தா நகரிலிருந்து வந்தான். அடக்கம் முடிந்ததும் வீட்டுக்குப் புதுக் கதவு போட்டுப் பூட்டுத் தொங்கவிட்டுப் போனான்.

ஷவ்கி அப்போது பஹ்ரைனில், கப்பல் பழுதுபார்க்கும் துறையில் இருந்தான். வெளிநாட்டில் ஒற்றையாகக் கிடக்கிறவனிடம் மவுத்துச் செய்தியைப் போனில் சொல்வது அந்தத் தெருவில் வழக்கமில்லை. கட்டிலில் தனியாகக் கிடந்து அழுவான், தோளைத் தொட ஆள் இருக்காது. லீவில் வரும்போது சொல்லிக்கொள்ளலாம். அதுவரை செத்தவர்கள் நன்றாக இருக்கிறார்கள், ஸலாம் சொல்கிறார்கள். எத்தனையோ பேருக்கு எக்ஸ்சேஞ்சில் அப்படி லைன் கொடுத்திருக்கிறாள் தௌலத். அழுது முடித்துவிட்டு, மூக்கைச் சிந்திவிட்டு, "எல்லாரும் சௌக்கியம்" என்று சொல்லும் தாய்மார்கள்.

வெள்ளிக்கிழமை ஷவ்கி கூப்பிட்டான்.

"ரதீபாம்மா எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. உனக்கு ஸலாம் சொன்னா."

மறுமுனையில் கொஞ்சநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, "நானும் சொன்னேன்னு சொல்லு" என்றான்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த பிறகும் இருவரும் புத்தகத்தைத் தொடவில்லை. ஒருநாள் இன்ஷிராஹ்தான், "அடுப்படில பைத்தியம் புடிக்குதுடி, எதையாவது படி" என்றாள். மலைவிடுதிப் புத்தகத்தை எடுக்க இருவருக்கும் துணிச்சல் இல்லை. வேறொன்று எடுத்தார்கள். நகைக்கடைக்காரி ஒருத்தி சரக்குக் கிட்டங்கியில் செத்துக் கிடந்தாள். தௌலத் முதல் அத்தியாயத்தைப் படித்து நிறுத்தினாள்.

"புருஷன்" என்றாள் இன்ஷிராஹ், குரலில் உயிரில்லாமல்.

"இந்தத் தடவை நீ சொல்றது சரியா இருக்கலாம்" என்றாள் தௌலத்.

"சரியாவது மண்ணாவது" என்றது கீழிருந்து. "துக்க வீட்டுல அந்தக் கணக்குப்பிள்ளை காபியைக் கையில வெச்சுக்கிட்டே நிக்கிறான். குடிச்சானா? குடிக்கல."

எண்ணெய் போடாத கீல்போல, கடைசிச் சொல்லில் சற்றுக் கிறீச்சிடும் குரல். தௌலத் ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. அவள் காது அவளிடம் பொய் சொன்னதே இல்லை. மேலே ஜன்னல் படீரென்று சாத்திக்கொண்டது. அவளும் சாத்தினாள்.

மாலையில் இன்ஷிராஹ் செருப்பில்லாமல் மாடியிறங்கி வந்தாள். 

"நீயும் கேட்ட."

"கேட்டேன்."

"ரேடியோவா இருக்கும்."

"எந்த ரேடியோ நம்ம கணக்குப்பிள்ளையைப் பத்திப் பேசும்?"

இரண்டு துப்பறிகிறவர்களும் கீழே போய்ப் பார்த்தார்கள். பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. வாசற்படியில் தூசி படிந்திருந்தது, ஒரு காலடி இல்லை. இன்ஷிராஹ் கதவில் காதை வைத்தாள். உள்ளே குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும். தண்ணீர் இணைப்பை அண்ணன் மகன் அப்போதே நிறுத்திவிட்டான் என்பது படியேறும்போதுதான் நினைவு வந்தது. அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

முதலில் தோன்றியதைச் செய்தார்கள். மலைவிடுதிப் புத்தகத்தில் மிச்சமிருந்ததை முழுக்கப் படித்துக் காட்டினார்கள். முடிவு தெரியாமல் போனவளுக்கு முடிவு தெரிந்தால் போய்விடுவாள் என்று இன்ஷிராஹ் நம்பினாள். விஷம் வைத்தது விடுதி மேலாளர். கீழிருந்து, "அவனா? எனக்கு அப்பவே தெரியும்" என்ற பொய்தான் வந்தது. பிறகு இன்ஷிராஹ் மன்வரைப் பார்த்து, இறந்தவர்களுக்காக ஓதும் யாஸீனை ஓதினாள். ஓதி முடித்துக் கையேந்தி துஆ கேட்டபோது கீழிருந்து பக்தியோடு "ஆமீன்" என்றது.

"அவளுக்குத் தெரியலடி" என்றாள் இன்ஷிராஹ், தௌலத்தின் கூடத்துக்கு இறங்கி வந்து. "நாம படிச்சுக்கிட்டே இருந்தோம். அவ கேட்டுக்கிட்டே இருந்துட்டா. நடுவுல என்ன நடந்துதுன்னு அவ கவனிக்கல."

"இருக்கும்."

"நீ வேற வாராவாரம் அவனுக்கு ஸலாம் சொல்லிக்கிட்டிருக்க. போகணும்னு இருக்கறவளை வாசல்ல நிறுத்திவெச்சுப் பேசற மாதிரி."



பயம் எத்தனை நாளைக்கு நிற்கும்? கீரை ஆய வேண்டும், தண்ணீர் வரும் நேரத்தில் பிடித்துவைக்க வேண்டும். முதலில் படிப்பதை நிறுத்தவில்லை, பயத்தில். பிறகும் நிறுத்தவில்லை, பழகிப்போய். ரதீபா பகலில் மட்டும்தான் பேசினாள். கதையைப் பற்றியும் வீட்டைப் பற்றியும்தான். தன்னை ஏன் யாரும் பார்க்க வருவதில்லை என்று ஒருநாளும் கேட்கவில்லை. ஒருமுறை, "தௌலத், சீரகம் தீந்துடுச்சு, கொஞ்சம் இறக்கேன்" என்றாள். தௌலத் காகிதத்தில் மடித்துக் கூடையில் இறக்கினாள். சாத்திக்கிடக்கும் ஜன்னலுக்கு நேராகக் கூடை நின்றது, லேசாக ஆடியது. "போதும்டி, இவ்வளவு எதுக்கு" என்றாள் ரதீபா. மேலே இழுத்தபோது பொட்டலம் மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது. அந்தச் சீரகத்தை தௌலத் சமையலில் போடவில்லை, எறியவும் இல்லை.

வெள்ளிக்கிழமைகளில், "ரதீபாம்மா ஸலாம் சொன்னா" என்பாள். முதல் மாதங்களில் அது பொய். பிறகு பொய்யில்லை.

நோன்புப் பெருநாள் கழிந்து, அண்ணன் மகன் வீட்டை ஒரு பல் டாக்டருக்குக் கைமாற்றினான். ஆட்கள் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், அளந்தார்கள். அடுக்களையை இடித்து நாற்காலி போடும் அறையாக்கப் போகிறார்களாம். அன்று மதியம் தௌலத் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே கீழிருந்து குரல் வந்தது. அந்தக் குரலில் அப்படியொரு நடுக்கத்தை அவள் கேட்டதே இல்லை.

"தௌலத். என் வீட்டுக்குள்ள யாரோ ஆளுங்க."

"யாரு?"

"தெரியல. அடுப்பைத் தூக்கிட்டுப் போறாங்க. நான் கத்தறேன், ஒருத்தன்கூடத் திரும்பிப் பாக்கல. ஒருத்தன் எனக்குள்ளயே, எனக்குப் பக்கத்துலயே, வந்து நின்னு சுவத்துல கோடு போடறான். போலீஸைக் கூப்பிடு."

தௌலத் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"கூப்பிடறேன்."

"சீக்கிரம் கூப்பிடுடி."

மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாள் கதை கேட்கவே இல்லை. "போயிட்டாங்களா? போயிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். மேலே இன்ஷிராஹ் பாத்திரத்தைத் தரையில் போடுவதும் எடுப்பதுமாக இருந்தாள். பிறகு இறங்கி வந்தாள்.

"அடுத்த வாரம் இடிக்கிறாங்க. அதுக்குள்ள சொல்லியாகணும்."

"சொன்னா போயிடுவா."

"சொல்லலன்னா? அந்த இடிபாட்டுக்குள்ள நின்னு கத்திக்கிட்டே இருப்பா. நாம மேல உக்காந்து வெங்காயம் நறுக்கிக்கிட்டிருப்போம்."

"நீ சொல்லேன்."

"நானா? நீ அவளோட புள்ளையைப் பெத்தவ. எனக்குப் பிரஷர் வேற."

அந்த வாரத்தில்தான் ஷவ்கியும் வந்தான். தௌலத்துக்குச் சொல்ல வேண்டிய இடம் இரண்டானது. முதலில் மகன். இன்ஷிராஹ் அவளைப் படியில் நிறுத்தி வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். "எடுத்ததும் போட்டு உடைக்காதே. முதல்ல உடம்புக்கு முடியலன்னு சொல்லு. காபி குடிக்கட்டும். அப்புறம் ஆஸ்பத்திரின்னு சொல்லு. மீதியை உன் மூஞ்சியே சொல்லிடும்."

ஷவ்கி உள்ளே வந்து தாயைக் கட்டிப்பிடித்து, தலையில் முத்தமிட்டு, நேராக அடுக்களைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். காது மேல் நரை விழுந்திருந்தது. தௌலத் அரிசி அடைத்த புறாவை அவன் முன்னால் வைத்தாள். அவன் தின்னத் தொடங்கினான். அவள் தொண்டையைச் செருமினாள்.

"ரதீபாம்மாவுக்கு..."

"ஷவ்கி வந்துட்டானா?" என்றது மன்வர். "மசாலா வாசனை இங்க வருது. புறாதானே?"

ஷவ்கியின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. கண் மட்டும் ஜன்னலுக்குப் போனது. தௌலத் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள். 

"வந்துட்டேன், ரதீபாம்மா" என்றான்.

"குரல் கட்டியிருக்கு. ஏசியில படுக்கிறியா?"

"ஆமா."

"தொப்பை போட்டிருக்குமே."

"கொஞ்சம்."

"கொஞ்சம்னு சொன்னா நிறையன்னு அர்த்தம். சாப்பிடு, சாப்பிடு. என் வீட்டுல ஆளுங்க வந்து கலாட்டா பண்றாங்கடா, நீ வந்துட்டல்ல, போய் என்னன்னு கேளு."

"கேக்கறேன், ரதீபாம்மா."

அவன் குரல் சிரிக்கிற குரலாகவே இருந்தது. கண்ணிலிருந்து நீர் தாடைவரை வழிந்து புறாவின்மேல் விழுந்தது. அவன் துடைக்கவில்லை. கையிலிருந்ததை வாயில் போட்டுக்கொண்டு மென்றான்.

ஒவ்வொரு லீவிலும் பெட்டியை இறக்கிவைத்த கையோடு ஓடிப்போய் ரதீபாவின் கையை முத்தமிட்டுவிட்டு வந்துதான் சாப்பிட உட்காருவான். இந்தமுறை உட்கார்ந்துவிட்டான். பிறகு கூடத்தில் பெட்டியைத் திறந்தான். தாய்க்குக் கம்பளிச் சால்வை. இன்ஷிராஹ்வுக்கு ஏலக்காய் டப்பா. ஃபஹ்மிக்குத் தூங்கும்போது போட்டுக்கொள்ள காலுறை. இன்னொரு பொட்டலம் இல்லை. தௌலத் பெட்டியைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியும்."

"அந்த மாசமே தெரியும்மா. நம்ம தெரு பேக்கரிக்காரன் மச்சான் எங்க துறையில வேலை. அவன் வாய் நிக்கல."

"அப்புறம் ஏன் ஒவ்வொரு வாரமும் கேட்ட?"

"நீ சொல்வேன்னு. நீ சொல்லல. 'ஸலாம் சொன்னா'ன்ன. சரி, எனக்காகத்தானே மறைக்கிற, உன் மனசு கஷ்டப்பட வேண்டாம்னு நானும் விட்டுட்டேன். அப்புறம் அப்புறம் நீ அவ சொன்னதா ஒண்ணொண்ணு சொல்வ. கொலையாளி யாருன்னு அவ சொன்னது, மீன் விலைக்கு அவ திட்டினது. உனக்குப் புத்தி பிசகிடுச்சோன்னு பயந்துதான் லீவு போட்டுட்டு வந்தேன்."

"இப்போ?"

ஷவ்கி காலுறைகளை மடித்துக்கொண்டே இருந்தான். "இப்போ நம்ம ரெண்டு பேருக்கும் பிசகிடுச்சு."

"எப்படிடா பதில் சொன்ன? நான் முதல் தடவை ஜன்னலைச் சாத்திட்டேன்."

"கூப்பிட்டா. அவ கூப்பிட்டு நான் பதில் சொல்லாம இருந்ததில்லையே."

அடுக்களையிலிருந்து கேட்காதபடி படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். தௌலத் தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். முலூகிய்யா, பூண்டு, முழு அத்தியாயம், சீரகம், அளவெடுக்க வந்த ஆட்கள். 

"அப்போ எல்லாருக்கும் தெரியும்" என்றான் கடைசியில். "எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். இன்ஷிராஹ் சித்திக்குத் தெரியும். பேக்கரிக்காரன் மச்சானுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும் யாரும் சொல்லல."

"நீ சொல்றியா? உன் பேச்சைக் கேப்பா."

"என்னால முடியாதும்மா." சிறுபிள்ளையின் குரலில் சொன்னான். "வேற என்ன வேணாலும் செய்யறேன்."

இடிக்கிற நாளும் வந்தது. மதியத் தொழுகை முடிந்தது. தௌலத் ஜன்னலைத் திறந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். கையில் புத்தகம் இல்லை. ஷவ்கி அவளுக்குப் பின்னால் தரையில், சுவரில் சாய்ந்து. மேலே ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது. ஆனால் இன்ஷிராஹ் ஒன்றும் சொல்லவில்லை. கீழே இரண்டாவது மாடியில் ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

"ரதீபா."

"சொல்லு. போலீஸ் என்ன சொன்னான்?"

"போலீஸ் இல்ல. வேற ஒரு விஷயம்." தௌலத் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள். "உனக்குக் கொஞ்சம் உடம்புக்கு முடியல."

"எனக்கா? எனக்கென்ன கேடு? முட்டி வலிகூட விட்டுப்போச்சு."

"அன்னிக்கு முடியாமப் போச்சு. முலூகிய்யா வெச்ச அன்னிக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்."

"என்னையா?"

"உன்னைத்தான்."

 குழாய் சொட்டியது. மேலே எங்கோ ஒரு குழந்தை பாத்திரத்தைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போன மாதிரி நினைவே இல்லையே" என்றாள் பிறகு. "டாக்டர் என்ன சொன்னாரு?"

 தௌலத் எத்தனையோ பேரின் செய்தியை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அனுப்பியவள். தன் வாயால் ஒன்றைக்கூடச் சொன்னதில்லை.

"தௌலத். எத்தனை புத்தகம் கேட்டிருக்கேன். யாராவது இப்படி இழுத்து இழுத்துப் பேசினா, அடுத்த பக்கத்துல ஒருத்தர் போயிருப்பாங்க. பரவாயில்ல. யாருன்னு சொல்லு."

"நீதான்" என்றாள் தௌலத்.

பின்னால் ஷவ்கி முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். மன்வரில் காற்றுக்கூட அசையவில்லை. தௌலத் காத்திருந்தாள். போய்விட்டாள் என்று நினைத்தாள். எழுந்திருக்கப் போனாள்.

"ஷவ்கிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"போன்லயா சொன்னீங்க, பாவிகளா? ஒத்தையில கிடக்கிற புள்ளைகிட்ட?"

"நாங்க சொல்லல. வேற யாரோ சொல்லிட்டாங்க."

"யாரு பக்கத்துல இருந்தா அப்போ?"

"யாரும் இல்ல" என்றான் ஷவ்கி, தலையைத் தூக்காமல்.

"ஐயோ, என் தங்கமே" என்றாள் ரதீபா. கொஞ்சநேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி, தௌலத்துக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "இன்ஷிராஹ்கிட்ட இப்போதைக்குச் சொல்லாதே. அவளுக்குப் பிரஷர். தாங்கமாட்டா. மெதுவா சொல்லிக்கலாம்."

மன்வரில் தாழ்ந்த குரலென்று எதுவும் இல்லை. மேலே ஒரு விசும்பல் பாதியில் துணிக்குள் அமுங்கியது. தௌலத் அண்ணாந்து பார்க்கவில்லை.

"சரி" என்றாள். "சொல்லல."

பிறகு கீழே எந்தச் சத்தமும் இல்லை. ஆட்கள் திரும்பி வந்தார்கள். சாக்கு மூட்டை இழுபடும் சத்தம், யாரோ தீக்குச்சி கேட்கும் சத்தம். சுவரில் முதல் சுத்தியல் அடி விழுந்தது. தௌலத் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு அடிக்கும் அடிக்கும் நடுவில் கேட்டாள். யாரும் கத்தவில்லை.

பிற்பகல் அஸர் பாங்கு முடிந்த பிறகு மேலிருந்து இன்ஷிராஹ்வின் குரல் வந்தது. மூக்கடைத்த குரல். ஆனால் எப்போதும்போலத்தான் கேட்டாள்.

"என்னடி, கீழ சத்தத்தையே காணோம்? இன்னிக்குப் படிக்கலியா?"

"ரதீபா கொஞ்சம் படுத்திருக்கா" என்றாள் தௌலத். "நாளைக்குப் பாக்கலாம்."